ஆள் இல்லை என்று எழுதிய வீடு

மீட்டரின் சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது.

காலை பதினொரு மணி வெயிலில், நடைபாதையை ஒட்டிய குழியின் இரும்பு மூடியை ஃபிட்டர் கம்பி கொடுத்து நெம்பித் தூக்கிப் பிடித்திருக்க, மீட்டரம்மா முழங்காலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, கண்ணாடிமேல் நான்கு வருஷமாகப் படிந்து இறுகியிருந்த சேற்றுப் பொருக்கைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்துவிட்டுப் பார்த்தாள். முள் சுற்றியது. வேகமில்லை, தயக்கமும் இல்லை. வீட்டில் ஆள் இருந்து, குழாயைத் திறந்து வைத்துவிட்டு, வாளி நிறையட்டும் என்று பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சுற்றுமோ அப்படி.

"என்னக்கா, நம்பர் தெரியலையா? டார்ச் அடிக்கவா?"

"ஓடுது."

"எது ஓடுது?"

"மீட்டர்."

ஃபிட்டர் சிரித்தான். "வெயில்ல உங்க தலை சுத்துது. அதை மீட்டர் சுத்துதுங்கறீங்க. நகருங்க, நான் பார்க்கறேன்."

எட்டிப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தார்கள். நான்கு மாடி. ஜன்னல்கள் இருந்த இடமெல்லாம் சிமெண்டுக் கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சு மட்டும் சுவரைவிட வெளுப்பாக இருந்ததால், எத்தனை ஜன்னல் இருந்தது என்று இப்போதும் தெருவில் நின்று எண்ணிவிடலாம். வாசலும் அப்படித்தான். அந்தத் தெருவில் இதைப்போல ஏழு கட்டடங்கள். சொந்தக்காரர்களுக்குள் வழக்கு, வாரிசுகளுக்குள் சண்டை என்று ஒவ்வொன்றாகக் காலியாகி, வேண்டாதவர்கள் புகுந்துவிடாமல் அடைக்கப்பட்டு, சுவரில் செடி முளைத்துக் கிடந்தன. இந்த ஒன்றுக்கு மட்டும் தீர்ப்பு வந்துவிட்டது. நாளை காலை இடிக்கும் மிஷின் வருகிறது. இன்றைக்கு மீட்டரம்மாவுக்கும் ஃபிட்டருக்கும் இங்கே அரை மணி நேர வேலைதான்: கடைசி ரீடிங் எடுத்து, வால்வை மூடி, குழாயை வெட்டிவிட்டுப் போவது.

"கசிவுக்கா. உள்ள பைப்பு துருப்பிடிச்சு விட்டிருக்கும்."

"கசிவு நிக்காது தம்பி. இது பாரு."

முள் நின்றது.

ஃபிட்டர் மூடியைப் பிடித்தபடியே நின்றான். தெருவில் ஒரு பஸ் போனது. பஸ் போன தூசி அடங்கிய பிறகு, முள் மறுபடி அசைந்து, கால் சுற்று சுற்றி, நின்றது.

"முதல்ல ஓடினது வாளி," என்றாள் மீட்டரம்மா. "இது சொம்பு."

இருபத்தாறு வருஷம் இந்த வேலை. குழிக்குள் முள் ஓடுவதைப் பார்த்தே, மேலே குளிக்கிறார்களா, பாத்திரம் கழுவுகிறார்களா, கோபத்தில் குழாயை முறுக்கி மூடுகிறார்களா என்று அவளால் சொல்லிவிட முடியும். அலுவலகத்தில் இதை வைத்து அவளைக் கேலி செய்வார்கள். இப்போது ஃபிட்டர் கேலி செய்யவில்லை.

அவள் எண்ணைப் படித்தாள். பிறகு தன் பழைய நோட்டில் இருந்த எண்ணைப் படித்தாள். இரண்டுக்கும் நடுவில் இருபத்தெட்டாயிரம் லிட்டர். நான்கரை வருஷத்துக்கு வகுத்துப் பார்த்தால், நாளைக்குப் பதினேழு லிட்டர் வந்தது.

ஒரு வாளி. அதற்குமேல் ஒரு சொம்பு. ஒரே ஓர் ஆள் சிக்கனமாக இருந்தால் ஆகிற தண்ணீர்.

"எவ்வளவுக்கா வித்தியாசம்?"

"கொஞ்சம்தான்," என்று நோட்டை மூடினாள்.

நோட்டில் இருந்த அந்த எண், அடுத்தடுத்து மூன்று முறை, ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் மூன்று முறையும் 'ஆள் இல்லை'. அந்த மூன்று முறையும் அவள் இந்தத் தெருவுக்கே வரவில்லை. அவள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்ட ஆறு மாதம் அது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, போன தடவை எண்ணையே பார்த்துப் பார்த்து எழுதினாள். அலுவலகத்தில் எல்லோரும் எப்போதாவது செய்கிறதுதான். 'உட்கார்ந்த ரீடிங்' என்று அதற்குப் பேரே உண்டு. மற்ற வீடுகளில் அடுத்த தடவை நேரில் போய்ச் சரிக்கட்டிவிட்டாள். இங்கே அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. மூன்று தடவை தொடர்ந்து ஆள் இல்லை என்று வந்தால் கட்டடம் காலிப் பட்டியலுக்குப் போய்விடும் என்பது விதி. நான்காவது தடவை அவள் வந்தபோது, சுவர் பூசிக் காய்ந்தே விட்டிருந்தது.

மேல்மாடியில் ஓர் அம்மா இருந்தாள். கால் வராது, கீழே இறங்க மாட்டாள். மற்ற குடித்தனமெல்லாம் போன பிறகும் அவள் மட்டும் இருந்தாள். முகத்தை மீட்டரம்மா பார்த்ததே இல்லை. மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், மேலிருந்து குரல் வரும்: "மீட்டரம்மா, இந்தத் தடவை எவ்வளவு குடிச்சேன்?" "குருவி மாதிரி குடிச்சிருக்கீங்க" என்று இவள் அண்ணாந்து பார்த்துக் கத்துவாள்.

யாரோ சொந்தக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார். அப்படித்தான் இருக்கும். நான்கு வருஷமாக, தூக்கம் வராத வேளைகளில் எல்லாம், அந்தச் சொந்தக்காரருக்கு ஒரு முகமும், ஒரு வண்டியும், நல்ல மனசும் கொடுத்து அவள் உருவாக்கி வைத்திருந்தாள்.

"வால்வை மூடி வெட்டிடலாம்க்கா," என்றான் ஃபிட்டர். "நாளைக்கு மிஷின் வருது. ஓடினா என்ன, ஓடாட்டி என்ன? இங்கயே நின்னு கையெழுத்தைப் போடுங்க."

"உள்ள போய்ப் பார்த்துட்டுத்தான் எழுதணும். விதி அப்படித்தானே?"

"விதி! என்னிக்கு நாம உள்ள போயிருக்கோம்?"

அதுவும் உண்மை. இடிப்பதற்கு முன்னால் கடைசிக் கையெழுத்து தண்ணீர்க்காரர்களுடையது. ஒருவர் உள்ளே போய், மேல்வரை பார்த்து, ஆள் இல்லை என்று குரல் கொடுக்க வேண்டும். வெளியில் நிற்பவர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வால்வை மூட வேண்டும். எல்லோரும் குழிப் பக்கம் நின்றே எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

"இன்னிக்குப் போறேன்," என்றாள்.

"உள்ள ஆள் இருக்கும்னு நினைக்கிறீங்களா? நாலு வருஷமா அடைச்சுக் கிடக்கு. இருந்தா அது ஆளாக்கா?" சொல்லிவிட்டுத் தானே சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

ஒப்பந்தக்காரர் அனுப்பிய கொத்தனார், எதிர் நிழலில் குந்தியிருந்தவர், துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தார். தலை நரைத்த ஆள். உளியும் சுத்தியும் கொண்டு வாசல் அடைப்பில் நான்கு கல்லைப் பெயர்த்தார். அவ்வளவுதான் பெயர்ப்பேன் என்றார்.

"இதுல நான் எப்படிப் போவேன்?" என்றான் ஃபிட்டர். "என் வயிறு உள்ள போகும், நான் வெளியிலயே நிப்பேன்."

"அம்மா ஒடிசலாத்தானே இருக்காங்க, போயிடுவாங்க. வந்ததும் மறுபடி கல்லை வெச்சு அடைச்சிடணும். திறந்து போட்டா எவனாவது புகுந்து படுத்துக்குவான், நாளைக்கு மிஷின்ல சிக்குவான். எனக்கு அந்தப் பாவம் வேணாம்." உளியைத் துடைத்தபடி, சாதாரணமாக, சொன்னார்: "போன தடவை அடைச்சதும் நான்தாம்மா."

மீட்டரம்மா பையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நின்றாள். "அப்ப உள்ள ஏதாவது..."

"மேல தண்ணி சத்தம் கேட்டுச்சு. ஜன்னல்ல பூசும்போது. சொன்னேன் அதிகாரிகிட்ட. காகிதத்தை எடுத்து நீட்டினார். மூணு தடவை ஆள் இல்லைன்னு எழுதியிருக்குல்ல, நீ பூசுய்யான்னார். எழுதினவங்க பார்த்துதானேம்மா எழுதியிருப்பாங்க?"

"ஆமா," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறெங்கிருந்தோ கேட்டது.

ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். அதன்பின் வரும் பென்ஷனை நம்பித்தான் வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார். இது வெளியே தெரிந்தால் பென்ஷன் போகும், போலீஸ் வரும். ஆனால் இப்போது அவள் மனசில் நின்றது அதுகூட இல்லை. ஒரே ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், நாளைக்கு எல்லாம் தூளாவதற்கு முன்னால். அடைத்தபோது அந்த அம்மா உள்ளே இருந்தாளா, இல்லையா.

பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையை முதலில் நுழைத்தாள்.

உள்ளே நுழைந்த மறுகணம் வெயில் அறுந்துபோனது. பின்னால் அந்த நான்கு கல் அளவு வெளிச்சம் தரையில் ஒரு துணித்துண்டைப்போல விழுந்து கிடந்தது. அதைத் தாண்டி இருட்டு, பகலே அறியாத இருட்டு, நான்கு வருஷம் ஊறின இருட்டு, போன் டார்ச்சை நீட்டினால் விலகி, கையை எடுத்தால் திரும்ப வந்து உட்காருகிற இருட்டு. எலிப் புழுக்கையும் வௌவால் நாற்றமும் பூசணமும் மூக்கில் அடிக்கும் என்று தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நுழைந்தாள். மெதுவாகத் தலைப்பை எடுத்தாள். முகர்ந்தாள். துணி சோப்பு. ஈரச் சிமெண்டுத் தரை. காலையில் கழுவிவிட்ட வீட்டின் வாசனை.

"என்னக்கா, இருக்கீங்களா?" ஃபிட்டரின் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. வெறும் கட்டடத்தில் குரல் அப்படித்தான் வரும்.

"இருக்கேன்."

"பாம்பு கீம்பு இருந்தா அதுக்கும் மீட்டர் வெச்சிட்டு வாங்க."

அவன் பேசிக்கொண்டிருந்தது தெம்பாக இருந்தது. படியில் ஏறினாள். முதல் மாடிப் படிகளில் தூசி, கணுக்கால் அழுந்துகிற அளவு, பஞ்சுபோல. திரும்பி டார்ச் அடித்தால் அவள் செருப்புத் தடம் மட்டும். கதவில்லாத வீடுகள் இரு பக்கமும் திறந்து கிடந்தன. ஒரு சுவரில் குழந்தையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள்; ஒரு மூலையில் ஒற்றைச் செருப்பு; காலண்டர் மாட்டியிருந்த ஆணி, அதன் கீழே காலண்டர் அளவுக்கு வெளுத்த சுவர். இரண்டாவது மாடியிலும் அதே தூசி, அதே திறந்த வாய்கள். கீழே இருவரும் பேசுவது ஒரு வார்த்தை பிசகாமல் மேலேறி வந்தது. கொத்தனாருக்கு மகள் கல்யாணமாம். ஃபிட்டர் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டான். இந்த உலகம் அங்கே, இருபது அடி கீழே, வெயிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. பயப்பட என்ன இருக்கிறது?

மூன்றாவது மாடிக்குத் திரும்புகிற இடத்தில் தூசி நின்றுவிட்டது.

கோடு போட்டதைப்போல. ஒரு படி வரைக்கும் தூசி, அடுத்த படியில் இல்லை. அங்கிருந்து மேலே படிகள் துடைத்துச் சுத்தமாக இருந்தன. ஓரத்தில், சுவரும் படியும் சேருகிற இடுக்கில், ஈரம் இன்னும் காயவில்லை. விரலால் தொட்டாள். குளிர்ந்தது.

மேலே தண்ணீர் விழுகிற சத்தம்.

முதலில் வெறும் வாளியின் அடியில் விழும் முரட்டுச் சத்தம், பிறகு தண்ணீரில் தண்ணீர் விழுகிற மெத்தென்ற சத்தம், பிறகு விளிம்புவரை வந்துவிட்ட வாளியின் கனத்த சத்தம். குழாய் மூடிய சத்தம். இந்தச் சத்தத்தை அவள் இருபத்தாறு வருஷமாகத் தெருவில் நின்று முள்ளாகப் பார்த்திருக்கிறாள். இப்போதுதான் காதால் கேட்கிறாள்.

திரும்பிவிடலாம். கீழே போய், கசிவு, பைப்பு உடைந்திருக்கிறது, என்று சொல்லிவிடலாம். ஃபிட்டரே அதைத்தானே சொன்னான். நினைத்துக்கொண்டே இருந்தாள், கால் ஏறிக்கொண்டே இருந்தது.

நான்காவது மாடியில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கதவு இருந்தது. பாதி திறந்திருந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இப்பத்தான் துடைச்சேன்."

மெல்லிய குரல். எரிச்சல் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் சொல்கிற குரல்.

மீட்டரம்மா செருப்பைக் கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தரை பாதத்தில் சில்லென்று ஏறியது. வாசற்படியைத் தாண்டி ஓர் அடி வைத்து டார்ச்சைத் தாழ்வாக அடித்தாள்.

தரை முழுக்கப் பாத்திரங்கள். சுவரிலிருந்து சுவர்வரை, வரிசை வரிசையாக, நடக்க ஓரடி வழி மட்டும் விட்டு. தூரத்தில் குழாயடியில் வாளிகள். அதற்கு முன்னால் குடங்கள். பிறகு குண்டான்கள், சொம்புகள், டம்ளர்கள். அதற்கும் இப்பால் கரண்டிகள், பாட்டில் மூடிகள், ஒரு பவுடர் டப்பாவின் மூடி. எல்லாவற்றிலும் தண்ணீர். விளிம்புவரை. ஒரு சொட்டுச் சிந்தாமல். அவள் காலடி பட்டதில் அத்தனையும் ஒருசேர நடுங்கி, மெதுவாக அடங்கின.

குழாயடியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். டார்ச்சை அங்கே தூக்க அவள் கை மறுத்தது. ஓரத்து வெளிச்சத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. சுவரில் பெயின்ட் காய்ந்து வெடித்துச் சுருண்டு நிற்குமே, அப்படிச் சுருண்டிருந்த தோல். அந்தக் கை ஒரு டம்ளரை எடுத்து, வாய் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய், காலியாக இறக்கியது.

"யாரு... யாருங்க?"

"நல்லா இருக்கே. இத்தனை நாள் கழிச்சு வந்துட்டு யாருங்கறீங்க. படி ஏறும்போதே தெரிஞ்சுது, இடது கால் இழுத்து வைக்கிறீங்களே. மூட்டு வலியா?"

"ஆமா." பதில் தானாக வந்தது. "நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"எங்கம்மா போறது? எனக்குக் கால் எங்க இருக்கு?"

"கூப்பிட்டிருக்கலாமே... யாரையாவது..."

"கூப்பிட்டேனே. ஜன்னல்ல கொத்தனார் நேருக்கு நேர் நின்னு பூசினார். ஒரு முழ தூரம். ஏங்க, ஏங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். கையை நீட்டி அவர் சட்டையைப் பிடிச்சேன். மனுஷன் சட்டையைத் தட்டிவிட்டுட்டுக் கல்லை வெச்சார். என்னமோ தண்ணி சத்தம் கேக்குதேன்னார்." அந்தக் கை இன்னொரு டம்ளரை எடுத்தது. "அவரைக் குறை சொல்லக் கூடாது. அதுக்கு முன்னாடியே நான் இல்லைன்னு ஆயிடுச்சே."

கீழே ஃபிட்டர் எதற்கோ சிரித்தான். அந்தச் சிரிப்பு நான்கு மாடி ஏறி வந்து இந்த அறையில் சுற்றி அடங்கியது.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?" மீட்டரம்மாவுக்குக் கேட்கவும் பயம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"முதல் தடவை எழுதினப்ப தூக்கம் போச்சு. ரெண்டாவது தடவை பசி போச்சு. நல்லதுதானே, யாரு வாங்கிட்டு வந்து கொடுப்பாங்க? மூணாவது தடவை... அதைச் சொல்ல வேணாம், நீங்க பயந்துடுவீங்க. தாகம் மட்டும் போக மாட்டேங்குது. எவ்வளவு குடிச்சாலும். நானும் பிடிச்சுப் பிடிச்சு வெக்கறேன், என்னிக்காவது நின்னுடுமோன்னு."

"அதை எழுதினது..."

"தெரியும்."

மிருதுவாகச் சொன்னது. அந்த மிருதுதான் அவளை உலுக்கியது. திட்டியிருந்தால் அழுதிருப்பாள். காலில் விழுந்திருப்பாள். எதற்கும் வழிவிடாத மிருது.

"அக்கா!" கீழிருந்து ஃபிட்டர். "மேல வரைக்கும் பார்த்துட்டீங்களா? ஆள் இருக்கா, இல்லையா? எழுதணும்!"

அறை அமைதியானது. நூறு பாத்திரத் தண்ணீரும் அமைதியானது.

"சொல்லுங்க," என்றது குரல். "கேக்கறார்ல."

இருக்காங்க. ஒரே வார்த்தை. சொன்னால் போதும். கீழே அவன் பதறுவான், கொத்தனார் சுவரை உடைப்பார், ஆட்கள் வருவார்கள். நோட்டைக் கேட்பார்கள். மூன்று எண். ஒரே மை. கட்டிலில் கோணிய வாயோடு அவர் காத்திருப்பார், மாத்திரைக்கு, அவள் கைக்கு. அதோடு, இதை எப்படித் தூக்கிக்கொண்டு இறங்குவது? இதை வெயிலில் கொண்டுபோய் வைத்து, இதுதான் நான் செய்தது என்று எப்படிச் சொல்வது? நாளை காலை மிஷின் வருகிறது. ஒரு நாள். ஒரே நாள். அதற்கப்புறம் எல்லாம் தூள்.

அவள் வாயைத் திறந்தாள். இருக்காங்க என்று சொல்லத்தான் திறந்தாள். பிற்பாடு யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"ஆள் இல்லை!"

தெளிவாக, உரக்க, இருபத்தாறு வருஷ வேலைக் குரலில்.

"சரி!" என்றான் ஃபிட்டர்.

குழாயடியில் அந்தக் கை குழாயைத் திறந்து ஒரு டம்ளரை அடியில் வைத்தது. ஒரு பெருமூச்சு மாதிரி வந்தது. உலர்ந்த இலைகள் தரையில் நகர்ந்த மாதிரியும் இருந்தது.

கீழே இரும்பில் இரும்பு முறுக்குகிற சத்தம். குழாயிலிருந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கயிறாக மெலிந்தது. நூலாக. சொட்டாக. ஒரு சொட்டு. நெடுநேரம் கழித்து, இன்னொன்று.

பிறகு இல்லை.

"நான் வர்றேன் தம்பி!" என்று கத்தினாள். "இதோ இறங்கறேன்!"

பதில் இல்லை.

"தம்பி!"

கீழே பேச்சு கேட்டது. ஒரு வார்த்தை பிசகாமல்.

"முடிஞ்சுதா?" கொத்தனார்.

"முடிஞ்சுதுண்ணே. ஆள் இல்லைன்னு எழுதிட்டேன்."

"யாரு உள்ள போய்ப் பார்த்தது?"

"யாரும் போகலையே. நீங்களும் நானும்தானே வந்தோம்?"

"அப்ப இது யாரு பை?"

"எவங்களோ விட்டுட்டுப் போயிருப்பாங்க. கல்லை வைங்கண்ணே, வெயில் ஏறுது."

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கத்தியது சுவரில் பட்டுத் திரும்பி அவளிடமே வந்தது. கொத்துக்கரண்டியால் கலவையை வழிக்கிற சத்தம் படியேறி வந்தது. சரக். சரக். கல் வைக்கும் சத்தம். ஒன்று.

கதவு எந்தப் பக்கம்? திரும்பினாள். திரும்பின வேகத்தில் போன் கையிலிருந்து நழுவியது. ஏதோ பாத்திரத்துக்குள் விழுந்தது. வெளிச்சம் தண்ணீருக்கடியில் ஒரு கணம் பச்சையாக எரிந்தது.

அணைந்தது.

கல். இரண்டு.

இருட்டில் குடிக்கிற சத்தம் தொடங்கியது.

தூரத்தில். குழாயடியில். வாளியைத் தூக்கி மூச்சுவிடாமல் குடிக்கிற சத்தம். மடக், மடக், மடக். காலி வாளி தரையில் உருண்டது. அடுத்த வாளி. அடுத்தது. நின்று போன தண்ணீருக்காக அவசரப்படுகிற குடி. குடங்கள். அவை இன்னும் சற்று இப்பால். தரையில் எதையோ இழுத்துக்கொண்டு வருகிற ஓசை, நின்று, குடித்து, மறுபடி இழுத்து.

கல். மூன்று.

சுவரைத் தேடிக் கையை நீட்டினாள். சுவர் இல்லை. பின்னால் ஓர் அடி. பாத்திரம் காலில் பட்டது. நகராதே. நகராதே.

சொம்பு. சொம்பு. சொம்பு.

டம்ளர்கள். ஒவ்வொன்றும் ஒரே வாய்.

கல். நான்கு. கொத்துக்கரண்டியின் பின்பக்கத்தால் கல்லைத் தட்டிச் சரிசெய்கிற சத்தம். இரண்டு தட்டு. பிறகு கீழே பேச்சு நின்றது. தெரு நின்றது. எல்லாம் நின்றது.

கரண்டி, நக்குகிற சத்தம்.

மூடி.

அவள் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பவுடர் டப்பாவின் மூடி மெதுவாகத் தூக்கப்பட்டு, மெதுவாக வைக்கப்பட்டது.

அமைதி.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் வேர்வை. கழுத்தில் ஓடியது. முழங்கையில் ஓடியது. மணிக்கட்டுக்கு வந்து, விரலுக்கு வந்து, துளியாகி நின்றது.

துளி விழவில்லை.

ஒரு விரல் அதை வாங்கிக்கொண்டது. உலர்ந்த விரல். மிகக் கவனமான விரல். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, ஒரு சொட்டும் சிந்தாமல், வழித்துக்கொண்டு மேலேறியது. இருட்டில் விழுங்கும் சத்தம். சிறிய சத்தம். பிறகு கழுத்து. பிறகு கன்னம்.

கண்ணுக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது. அழுத்தவில்லை. அங்கேயே, இமையோரமாக, ஒரு சொம்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பதைப்போல, காத்துக்கொண்டிருந்தது.